கணக்கில் ஏறாத குத்துகள்

1980-இன் தொடக்கத்தில் முகமது அலி மெட்ராஸுக்கு வந்தார். சார்பட்டா, இடியப்ப பரம்பரைகளின் ஊரில், நேரு ஸ்டேடியத்தில், ஜிம்மி எல்லிஸுடன் ஒரு காட்சிப் போட்டி. ஓய்வை அறிவித்திருந்த அவருக்கு வயது 38.

குத்துச்சண்டையில் நாம் எண்ணுவது வெற்றி தோல்வியை. அலிக்கு 61 போட்டி, 56 வெற்றி. உடம்பு எழுதும் கணக்கு வேற. பயிற்சியில் வாங்கிய குத்தும் அதில் ஏறும். கொடைக்கானல்காரனான எனக்கு இது சுலபமாகப் புரியும். வத்தலக்குண்டுக்கு இறங்கும் பஸ்ஸின் பிரேக் ஒரே வளைவில் சூடேறுவதில்லை. அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட், குத்துச்சண்டை வீரர்களின் தள்ளாட்டத்தைப் பற்றி 1928-லேயே எழுதிவிட்டார்.

இளம் அலியைக் கால்கள் காப்பாற்றின. வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் 1967 முதல் 1970 வரை ரிங் இல்லை. திரும்பியபோது பழைய வேகமும் இல்லை. அப்புறம் கைகொடுத்தது அடி தாங்கும் திறன்தான். 1974-இல் கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்து, ஃபோர்மனின் குத்துகளை வாங்கி வாங்கியே ஜெயித்தார். அந்தத் திறன் அவரை இன்னும் சில வருஷம் ஆட வைத்தது. அத்தனை வருஷமும் அடி சேர்ந்துகொண்டே போனது.

மெட்ராஸ் வந்துபோன அதே ஆண்டு, அக்டோபர் 2. எதிரே லேரி ஹோம்ஸ், அவருடைய பழைய ஸ்பாரிங் கூட்டாளி. 10 சுற்றுகளுக்குப் பிறகு பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி ஆட்டத்தை நிறுத்தினார். 1981-இல் கடைசித் தோல்வி. 1984-இல் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தது. குத்துகளுக்கு அதில் எவ்வளவு பங்கு என்று மருத்துவர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள்.

"நல்லா அடி தாங்குவான்" என்று ஒரு பையனை ரிங்கோரத்தில் பாராட்டும்போது, எத்தனை நாளைக்கு என்று பக்கத்தில் ஒருத்தராவது கேட்கணும்.