விம்9 ஸ்கிரிப்ட்

விம் உரைதொகுப்பியை வேண்டியபடி மாற்றிக்கொள்ளவும், அதற்குச் செருகுநிரல்கள் எழுதவும் பயன்படும் நிரல்மொழி. பழைய விம் ஸ்கிரிப்டைச் சீர்திருத்தி உருவாக்கப்பட்டது. 2022 ஜூன் 28 அன்று வெளியான விம் 9.0 பதிப்புடன் முறையாக அறிமுகமானது. வடிவமைத்தவர் நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலெனார்.

முன்வரலாறு

பில் ஜாய் 1976-இல் எழுதத் தொடங்கிய விஐ தொகுப்பியே இதன் மூதாதை. அதன் சாயலில் வந்த ஸ்டீவி என்னும் நிரலை எடுத்துக்கொண்டு, மூலெனார் 1988-இல் தம் அமிகா கணினியில் விம்மை உருவாக்கத் தொடங்கினார். 1991-இல் அது பொதுவெளிக்கு வந்தது. விம்மைப் பயன்படுத்துவோர் உகாண்டாவின் கிபாலே பகுதிக் குழந்தைகளுக்கு உதவ வேண்டும் என்ற வேண்டுகோளை அதன் உரிமத்திலேயே அவர் எழுதிவைத்தார். நிரல் எழுதும் வசதி 1998-இல் 5.0 பதிப்பில் சேர்ந்தது. பட்டியல், அகராதி ஆகிய தரவு வகைகள் 2006-இல் 7.0 பதிப்பில் வந்தன.

உருவாக்கம் (2020–2022)

பழைய மொழியின் பெருங்குறை வேகம். ஒரு வரி எத்தனை முறை இயங்குகிறதோ, அத்தனை முறையும் அது புதிதாகப் பாகுபடுத்தப்பட்டது. ஒரு கண்ணி லட்சம் முறை சுழன்றால் அதே வரியை லட்சம் முறை படிக்க வேண்டியிருந்தது. பைத்தான், லுவா போன்ற மொழிகளை விம்முக்குள்ளிருந்து அழைக்க வழி இருந்தாலும், அவை எல்லாக் கணினியிலும் நிறுவப்பட்டிருப்பதில்லை என்பதால் செருகுநிரல் எழுதுவோர் தயங்கினர்.

2020 ஜனவரியில் புதிய மொழிக்கான பணி விம்மின் முதன்மைக் கிளையில் சேர்க்கப்பட்டது. ஏறத்தாழ 30 லட்சம் எண்களைக் கூட்டும் ஒரு சிறு சோதனையை மூலெனார் வெளியிட்டார். பழைய முறைக்கு 5 விநாடிக்குச் சற்று மேல் ஆனது. புதிய முறைக்கு 0.07 விநாடியே போதுமாயிருந்தது. லுவாவுக்கு 0.08, பைத்தானுக்கு 0.37. விம்மின் உதவிக் கோப்பு 10 முதல் 100 மடங்கு வேகத்தை எதிர்பார்க்கலாம் என்கிறது. கூட்டல் கண்ணியில் கிடைக்கும் இந்த லாபம் அன்றாடச் செருகுநிரலில் அப்படியே கிடைப்பதில்லை என்போரும் உண்டு.

தொடரமைப்பு

கோப்பின் தொடக்கத்தில் ‘விம்9ஸ்கிரிப்ட்’ என்ற கட்டளை இருந்தால் புதிய விதிகள் நடைமுறைக்கு வரும். சார்புகள் ‘டெஃப்’ என்று தொடங்கி ‘என்ட்டெஃப்’ என்று முடியும். இவை முதல்முறை அழைக்கப்படும்போது இடைநிலைக் கட்டளைகளாகத் தொகுக்கப்படுகின்றன. வேகத்துக்குக் காரணம் இதுவே. ‘லெட்’ போய் ‘வார்’ வந்தது. மாறிகளுக்கு வகை உண்டு: எண்ணுக்கென அறிவித்த மாறியில் சரத்தை இட்டால் தொகுக்கும்போதே பிழை காட்டும்.

பழைய மொழியில் இரட்டை மேற்கோள்குறிதான் சரத்தையும் தொடங்கியது, கருத்துரையையும் தொடங்கியது. இந்தக் குழப்பம் தீரக் கருத்துரைக்கு எண்குறி (#) தரப்பட்டது. நீண்ட வரியைத் தொடர அடுத்த வரியின் முதலில் பின்சாய்வுக்கோடு இடும் வழக்கமும் பெரும்பாலும் ஒழிந்தது. இடைவெளி விஷயத்தில் மட்டும் மொழி கண்டிப்பானது. சமக்குறியின் இருபுறமும் இடம் விடாமல் எழுதினால் நிரல் ஓடாது.

எழுத்தும் பைட்டும்

தமிழில் எழுதுவோர் கவனிக்க வேண்டிய மாற்றம் ஒன்று உண்டு. ‘ஆலங்குளம்’ என்ற ஊர்ப்பெயர் நமக்கு 6 எழுத்து. ஒருங்குறியில் 9 குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் 27 பைட்டுகள். இந்தச் சரத்தின் முதல் உறுப்பைக் கேட்டால், பழைய மொழி ‘ஆ’வின் 3 பைட்டுகளில் முதலாவதை மட்டும் பிய்த்துத் தரும், அது எந்த எழுத்தும் அன்று. விம்9 ‘ஆ’ என்றே தரும். சுட்டெண் 0-இல் தொடங்குவதால் 2 என்று கேட்டால் ‘ங்’, 3 என்றால் ‘கு’. புள்ளியும் உகரக் குறியும் தம் எழுத்தை விட்டுப் பிரிவதில்லை. ஆனால் ‘ஸ்டிர்லென்’ சார்பு இன்றும் 27 என்றே சொல்லும். 6 என்ற விடைக்கு ‘ஸ்டிர்சார்லென்’ வேண்டும். மாறிகளுக்குத் தமிழில் பெயரிட முடியாது. ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டுமே செல்லும்.

ஒத்த மொழிகள்

விம்9-இல் மாறிகளின் பெயருக்குக்கூடத் தமிழ் செல்லாது. முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ மொழியிலோ கட்டளைச் சொற்களே தமிழில் உள்ளன. அதைப் பற்றிய கட்டுரை 2009-இல் வெளியானது. ஒரு மென்பொருளுக்குள்ளேயே இயங்கும் நிரல்மொழிக்கு இன்னோர் எடுத்துக்காட்டு, ஸோஹோ நிறுவனத்தின் ‘டெலூஜ்’.

பிற்காலம்

மொழியில் வகுப்புகளைச் (class) சேர்க்கும் பணி 2022 டிசம்பரில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 3 அன்று மூலெனார் தமது 62ஆம் வயதில் காலமானார். ஏகப்பன் லட்சுமணன், எர்னி ரேல் உள்ளிட்டோர் அந்தப் பணியைத் தொடர்ந்தனர். 2024 ஜனவரி 2 அன்று கிறிஸ்டியன் பிராபாண்ட் பொறுப்பில் வெளியான 9.1 பதிப்பு மூலெனாருக்குக் காணிக்கையாக்கப்பட்டது. விம்மிலிருந்து 2014-இல் பிரிந்த நியோவிம் லுவாவை ஏற்றுக்கொண்டது. விம்9 ஸ்கிரிப்டை அது இயக்குவதில்லை. பழைய விம் ஸ்கிரிப்டும் கைவிடப்படவில்லை. தொடக்கத்தில் புதிய கட்டளை இல்லாத கோப்புகள் விம்மில் முன்போலவே இயங்குகின்றன.