ஒருவரைத் தேடுவதும் எல்லோரையும் எடுப்பதும்

பத்து லட்சம் பேரின் கணக்கை இரண்டு விதமாக வைக்கலாம். எண் வரிசைப்படி அடுக்கி, தலையிலிருந்து கடைசிவரை படித்துக்கொண்டே போகலாம். அல்லது யாருடைய பதிவு எங்கே இருக்கிறது என்று காட்டும் இண்டெக்ஸைக் கூடவே வைத்துக்கொண்டு, வேண்டிய இடத்துக்கு நேரே போகலாம். முதலாவது பழையது, இரண்டாவது வந்ததும் அதற்கு வேலை போய்விட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

வரிசைக் கோப்பு வளர்ந்தது காந்த டேப்பில். 1952-இல் ஐபிஎம் 701 கணினியோடு 726 டேப் கருவி வந்தது. டேப்பில் நடுவே தாவ முடியாது. அதனால் தேடவே தேவையில்லாத வேலைமுறை ஒன்றை அன்றைய நிரலாளர்கள் கைக்கொண்டார்கள். அதன் அழகைச் சம்பளக் கணக்கில் பார்க்கலாம். மூலக் கோப்பில் ஊழியர் எண்கள் 101, 104, 107. இந்த மாத மாற்றங்கள் இன்னொரு டேப்பில், அதுவும் எண் வரிசையில்: 104, 105. முதலில் 101 வருகிறது. மாற்றம் 104-இல்தான் தொடங்குகிறது, ஆகவே 101 அப்படியே புது டேப்புக்குப் போகிறது. 104 இரண்டிலும் இருக்கிறது, திருத்தி எழுதப்படுகிறது. அடுத்து மூலத்தில் 107, மாற்றத்தில் 105. மூலத்தில் 105 இல்லை என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடுகிறது: புதிதாகச் சேர்ந்தவர், அல்லது எண் தவறு. இரண்டு டேப்பும் ஒரே ஒருமுறைதான் ஓடின. பழைய டேப்பில் யாரும் கைவைக்கவில்லை. புதியது கெட்டால் மறுபடி ஓட்டிக்கொள்ளலாம். தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறை டேப்களைக் காத்துவைத்த வழக்கம் இதிலிருந்து வந்ததுதான்.

டேப் நின்று மறுபடி வேகம் பிடிக்க, பதிவுகளுக்கு இடையே வெற்றிடம் வேண்டும். அங்குலத்துக்கு 800 எழுத்து பதியும் ஒன்பது தட டேப்பில் அது 0.6 அங்குலம். 80 எழுத்துள்ள பதிவுக்கோ 0.1 அங்குலமே போதும். ஒவ்வொன்றாக எழுதினால் 2,400 அடிச் சுருளில் சுமார் 41,000 பதிவுகள் அடங்கும். பத்துப் பத்தாகச் சேர்த்து ஒரே பிளாக்காக எழுதினால் 1,80,000.

ஒரே ஒருவருடைய கணக்கைக் கேட்டால் டேப் திணறும். சராசரியாகப் பாதிக் கோப்பைத் தாண்டியாக வேண்டும். 1956-இல் வந்த ஐபிஎம்மின் ரேமாக் டிஸ்க், எந்தப் பதிவுக்கும் நேரே போக வழி திறந்தது. பிறகு போயிங் ஆய்வுக்கூடத்தில் ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் பி-ட்ரீ என்ற, பக்கம் பக்கமாகக் கிளைவிடும் இண்டெக்ஸ் அமைப்பை வகுத்தார்கள். அவர்களுடைய கட்டுரை 1972-இல் இதழில் வெளியானது. பக்கத்துக்கு நூறு கிளை என்றால் மூன்றே படியில் பத்து லட்சம் பேரில் ஒருவரைப் பிடித்துவிடலாம். புதியவர் வந்து பக்கம் நிரம்பினால் அது இரண்டாகப் பிரிந்துகொள்ளும்; கோப்பு முழுவதையும் திருப்பி எழுத வேண்டாம்.

இனி இரண்டையும் ஒரே தராசில் வைப்போம். பதிவுக்கு 100 பைட் என்றால் மொத்தம் 100 எம்பி. நொடிக்கு 100 எம்பி படிக்கும் சுழல் டிஸ்க்கில் முழுக் கோப்பையும் வரிசையாகப் படிக்க ஒரு நொடி. இடம் மாறி ஒரு பதிவை எடுக்கச் சுமார் 10 மில்லிநொடி. சிதறிக் கிடக்கும் பதிவுகளை இண்டெக்ஸ் வழியே எடுத்தால், நூறாவது பதிவிலேயே அந்த ஒரு நொடி தீர்ந்துவிடும். பத்து லட்சத்தையும் அப்படியே எடுத்தால் 10,000 நொடி. இரண்டே முக்கால் மணி நேரத்துக்கும் மேல். பத்து லட்சத்தில் நூறு என்பது எவ்வளவு சிறிய பங்கு! இண்டெக்ஸ் போட்டால் எல்லாம் வேகமாகும் என்று நம்பும் இளைஞர்களிடம் நான் முதலில் காட்டுவது இந்தக் கணக்கைத்தான்.

போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் இதை அறிந்தே வைத்திருக்கிறது. தாவிப் படிக்கும் பக்கத்துக்கு 4, வரிசையில் படிக்கும் பக்கத்துக்கு 1 என்பது அதன் இயல்பான விலை. பெரும்பங்கு பதிவுகளைக் கேட்டால், இண்டெக்ஸ் இருந்தும் அதைத் தொடாமல் முழு அட்டவணையையும் படித்துவிடும். அதன் பி-ட்ரீயில் நடக்கும் மாற்றங்களும் முதலில் ஒரு லாக் கோப்பின் கடைசியில் வரிசையாகச் சேர்கின்றன. மின்சாரம் நின்று திரும்பும்போது சேமித்த புள்ளியிலிருந்து அந்த வரிசையைப் படித்துத்தான் தரவுத்தளம் தன்னைச் சரிசெய்துகொள்கிறது.