தீவகத்திற் பிள்ளைப்பேறும் தாயின் மனநிலையும்

யாழ்ப்பாணத்து மருத்துவ வரலாற்றைக் கூறுவோர், பிள்ளைப்பேற்றின்போது தாயின் உயிருக்கு நேர்ந்த ஆபத்து எவ்வாறு குறைந்தது என்பதையே பெரிதும் விளக்குவர். பேற்றின்பின் அவள் மனம் பட்ட பாடு அவ்வரலாற்றில் இடம்பெறுதல் அரிது. ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு முதலிய தீவகப் பகுதிகளை நோக்கின் இக்குறை நன்கு புலனாகும்.

பெண்ணுக்குச் சீதனமாக வரும் வீடு தாய்வீட்டுக்கு அண்மையில் அமைதல் பழைய வழக்கு. மருத்துவிச்சி பேறு பார்த்தாள். 31ஆம் நாள் துடக்குக் கழியும்வரை தாய் வீட்டுக்குள்ளேயே இருந்தாள். காயமும் சரக்குக்கறியும் உடலைத் தேற்றின. அடுப்படி வேலையைப் பிறர் ஏற்றனர். இரவில் அழும் குழந்தையைத் தூக்க வேறொரு கை இருந்தது. எனினும் இவ்வழக்கம் குறையற்றதன்று. தீட்டு என்ற எண்ணமே அதற்கு அடிப்படை. மனங்கலங்கிய தாயைப் பேய் பிடித்தவளெனக் கருதும் நிலையும் இருந்தது.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழாக்கிய பிரசவ வைத்திய நூல் 1857இல் வெளிவந்தது. மறு ஆண்டிலேயே பாரிசில் லூயி விக்தோர் மார்சே, கருவுற்றோரும் பிள்ளை பெற்றோரும் அடையும் மனநோய்கள் பற்றித் தனிநூல் எழுதினார். முன்னைய துறை இங்கு விரைந்து வேரூன்றியது. 1898இல் இணுவிலில் பெண்களுக்கென மக்லியொட் மருத்துவமனை எழுந்தது. பின்னைய துறையோ மிகப் பிந்தியே தமிழ்த் தாயரை எட்டியது. பேற்றின்பின் வரும் மனச்சோர்வைக் கண்டறிய 1987இல் எடின்பரோவில் வகுக்கப்பட்ட 10 வினாக்களின் தமிழ் வடிவம் 2005இலேயே ஆராய்ந்து உறுதிசெய்யப்பட்டது.

2002இல் வெளியான தமிழ்நாட்டுக் கிராமப்புற ஆய்வொன்று, நூற்றுக்கு 11 தாயர் பேற்றின்பின் புதிதாக இச்சோர்வுக்கு ஆளாயினர் எனக் கண்டது. வறுமை, ஆண்மகவை விரும்பியவிடத்துப் பெண்மகவு பிறத்தல், மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு ஆகியவற்றோடு, வேலையில் உதவுவார் இன்மையையும் அது காரணமாகக் காட்டியது. துடக்கு வீடு அளித்தது இவ்வுதவியையே என்பது கருதற்பாலது.

தீவகத்தில் அவ்வுதவி சிதைந்தமைக்குப் போரும் காரணமாயிற்று. 1990இல் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். அயலில் வாழ்ந்த சுற்றம் குடாநாட்டிலும் கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் பிரிந்தது. மீண்டு குடியேறிய வீட்டிற் பாட்டியோ சிற்றன்னையோ இல்லாத நிலை நேர்ந்தது. கடல் குழம்பும் நாட்களில் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகேறுதலும் அரிது.

ஆகவே, வீடு தேடிவரும் குடும்பநல உத்தியோகத்தரின் பணி இங்குத் தனிச்சிறப்புடையது. குழந்தையின் நிறையைக் குறிக்கும் அவர், தாய் உறங்கினாளா, அழுதாளா, அவளுக்குத் துணை யார் என்பவற்றையும் வினவுதல் வேண்டும். துடக்கை விட்டொழிக்கலாம், அது தந்த துணையை இழத்தல் தகாது.