ஒரே பெயரில் இரண்டு தகடுகள்: கட்டடப் பொருட்களும் ஒன்டோலொஜியும்

மேற்கு லண்டனில் 24 மாடிகள் கொண்ட கிரென்ஃபெல் கோபுரத்தில் 2017 ஜூன் 14 அதிகாலை தீ பரவியது. 72 பேர் உயிரிழந்தனர். தீ அவ்வளவு வேகமாக மேலேறியதற்கு வெளிச்சுவரில் பொருத்தியிருந்த தகடுகளே முதன்மைக் காரணம் என்று விசாரணை ஆணைக்குழு முடிவுசெய்தது. இரண்டு மெல்லிய அலுமினியத் தாள்களுக்கு நடுவே பொலிஎத்திலீன் வைத்த தகடுகள் அவை. இது பலரும் அறிந்த செய்தி. 2024 செப்டெம்பரில் வெளியான இறுதி அறிக்கையில் என் கவனத்தை ஈர்த்தது வேறொரு விடயம்.

அந்தத் தகட்டை இரண்டு விதமாகப் பொருத்தலாம். தட்டையாக வைத்து ரிவெட் அடிக்கலாம். அல்லது ஓரங்களை மடித்துப் பெட்டிபோல ஆக்கிக் கொளுவிவிடலாம். மடித்த வடிவம் தீப் பரிசோதனையில் மிக மோசமாகத் தோற்றிருந்தது. ஆனால் 2008இல் பிரித்தானியாவில் வழங்கப்பட்ட சான்றிதழ் இரண்டையும் வேறுபடுத்தவில்லை. கிரென்ஃபெல்லில் கொளுவியிருந்தது மடித்த வடிவம். உற்பத்தியாளர் ஆபத்தை வேண்டுமென்றே மறைத்தார் என்றது ஆணைக்குழு. அந்த நேர்மையீனத்தை எந்த மென்பொருளும் தீர்க்காது. ஆனால் ஒரே பெயருக்குள் இரண்டு பொருட்கள் ஒளிந்துகொள்ள இடமிருந்ததே, அது தகவலை ஒழுங்குபடுத்தும் முறையோடு சம்பந்தப்பட்டது. அதைக் கவனிக்கும் துறைகளில் ஒன்றுதான் ஒன்டோலொஜி.

என்னென்ன வகைப் பொருட்கள் உள்ளன, அவற்றின் பண்புகள் எவை, ஒன்றுக்கொன்று என்ன உறவு என்பதைக் கணினி வாசித்து முடிவுக்கு வரக்கூடிய விதத்தில் எழுதிவைப்பதே ஒன்டோலொஜி. பெயர் மெய்யியலிலிருந்து வந்தது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, 2004இல் இதற்கென ‘அவுல்’ என்ற மொழியைத் தரப்படுத்தியது. நான் ஊடகக் கற்கைகள் படித்தவன், பொறியியலாளன் அல்லன். ஆனாலும் இதன் அடிப்படை, ஹாட்வெயார் கடைக்குப் போன எவருக்கும் விளங்கக்கூடியதே.

ஒரு நிறுவனம் அலுமினிய யன்னல் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 4 அகலங்கள், 3 உயரங்கள், 5 நிறங்கள், 2 வகைக் கண்ணாடிகள். மொத்தம் 120 தெரிவுகள். பூட்டும் வலையும் சேர்ந்தால் எண்ணிக்கை எங்கோ போய்விடும். ஆகவே ஒவ்வொன்றையும் பட்டியலிடாமல், எது எதோடு சேரலாம், எது சேரக்கூடாது என்ற விதிகளையே எழுதுவார்கள். இது முதல் நிலை: பொருட்குடும்பம். அதிலிருந்து அளவு, நிறம், கண்ணாடி எல்லாம் தீர்மானித்துத் தெரிந்தெடுத்தது இரண்டாம் நிலை. உங்கள் குசினிச் சுவரில் நிற்கும் அந்த ஒரேயொரு யன்னல் மூன்றாம் நிலை. விலைப்பட்டியல் முதல் இரண்டு நிலைகளோடு நின்றுவிடும். பொருத்திய திகதியும், பொருத்திய இடமும், பிறகு மாற்றிய கண்ணாடியும் மூன்றாம் நிலைக்கே உரியவை. தீப் பரிசோதனைச் சான்றிதழோ இரண்டாம் நிலைக்கு உரியது. அதைக் குடும்பப் பெயரில் ஒட்டினால் கிரென்ஃபெல்லில் நடந்ததுதான் நடக்கும்.

கட்டடத் துறையின் பொதுத் தரவு வடிவமான ஐஎஃப்சி, 2013இல் ஐஎஸ்ஓ 16739 என்ற சர்வதேசத் தரமாகியது. அதில் ‘யன்னல் வகை’ வேறு, ‘யன்னல்’ வேறு. வகையின் பண்புகள் தனி யன்னலுக்கும் வந்து சேரும். ஒரே பண்புக்குத் தனி யன்னலில் வேறு பெறுமதி எழுதியிருந்தால் அதுவே செல்லும். அவுலில் எழுதும்போது சிக்கல் கொஞ்சம் கூடும். ஒரு மொடல் என்பது பல யன்னல்களை அடக்கிய வகுப்பா, அல்லது தானே ஒரு தனிப்பொருளா? இரண்டு விதமாகவும் எழுத முடியும் என்பதால், வடிவமைப்பவர் தொடக்கத்திலேயே முடிவெடுக்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. அவுலில் ஒரு தகவல் எழுதப்படாவிட்டால் கணினி அதை ‘இல்லை’ என்று கொள்ளாது, ‘தெரியாது’ என்றே கொள்ளும். (இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எங்கள் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.) எனவே சான்றிதழ் விடுபட்டிருப்பதை அவுல் தானாகச் சுட்டிக்காட்டாது. அதைச் சரிபார்க்க 2017இல் ‘ஷாக்கிள்’ என்ற இன்னொரு தரம் வந்தது.

எங்கள் பக்கத்துக்கு வருவோம். 2016இல் வடக்கு, கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள் முன்மொழியப்பட்டன. தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பூட்டும் வீடு என்பதும் ஒரு பொருட்குடும்பமே. வெக்கை, ஆயுட்காலம், விலை, பின்னர் ஓர் அறை கூட்டிக் கட்ட முடியுமா என்றெல்லாம் எழுந்த கேள்விகள், மாதிரி வீட்டைப் பற்றியவை அல்ல. தங்கள் காணியில் நிற்கப்போகும் வீட்டைப் பற்றியவை. மூன்றாம் நிலைக் கேள்விகள். அவற்றுக்கு முதல் நிலைப் பதில்களே கிடைத்தன என்பது என் கணிப்பு. எதிர்ப்பு வலுத்தது, திட்டம் கைவிடப்பட்டது.

பிரித்தானியாவில் 2022ஆம் ஆண்டின் கட்டடப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, உயர்மாடிக் குடியிருப்புகளுக்கு இத்தகைய விபரங்களை டிஜிட்டல் பதிவாகப் பேண வேண்டியிருக்கிறது. இங்கே வீட்டுத்திட்டக் காசில் மேசனைப் பிடித்துக் கட்டிய பலரிடம், கூரைத் தகடு எந்த வகை என்று காட்ட இருப்பது கடைப் பற்றுச்சீட்டு மட்டுமே. அதில் பெரும்பாலும் எழுதியிருப்பது ‘சீற்’ என்ற சொல்லும் எண்ணிக்கையும்தான்.