பறையிலிருந்து செயற்கைக்கோள் வரை: கீழைக் கடற்கரையில் பேரிடர்ச் செய்தித்தொடர்பு

பறையறைந்து செய்தி அறிவித்தல் தமிழரின் தொன்மையான வழக்கமாகும். பறையோசை எட்டும் தொலைவே அச்செய்தியின் எல்லை. தந்தியும் தொலைபேசியும் அவ்வெல்லையை விரித்தன. எனினும் பேரிடர்க் காலத்தில் செய்தி கடைக்கோடி மனிதரைச் சென்றடைந்ததா என்பது ஆராய்தற்குரியது.

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் தாக்கியது. பாம்பனிலிருந்து சென்ற பயணியர் தொடர்வண்டியைக் கடல் கொண்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கம்பிகள் அறுந்தமையால் அழிவின் அளவு உடனே வெளியுலகிற்குத் தெரியவில்லை. 1977 நவம்பர் 19இல் ஆந்திரத்தின் திவி சீமையைப் புயல் அழித்தது. ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர். எச்சரிக்கை வெளியிடப்பட்டிருந்தும் கடலோரச் சிற்றூர்கள் பலவற்றை அது எட்டவில்லை.

இப்பட்டறிவின் பின்னணியில், இன்சாட் செயற்கைக்கோள்வழிப் புயல் எச்சரிக்கை முறை 1980களில் தமிழக, ஆந்திரக் கடற்கரைகளில் நிறுவப்பட்டது. புயல் அணுகும் மாவட்டத்தின் கருவிகளில் மட்டும் முதலில் சங்கொலி எழும்; பின்னர் வட்டார மொழியில் எச்சரிக்கை ஒலிக்கும். கம்பியை நம்பாமையும் மக்கள் மொழியில் பேசுதலும் இதன் இரு சிறப்புகள். 1990 மே 9இல் ஆந்திரக் கரையைக் கடும்புயல் கடந்தபோது ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் முன்னரே வெளியேற்றப்பட்டனர். உயிரிழப்பு ஆயிரத்திற்கும் குறைவே. இதற்கு வேறு காரணங்களும் உண்டெனினும், எச்சரிக்கை உரிய நேரத்தில் சென்றடைந்தமை தலையாயது எனலாம்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை வேறு இரு சான்றுகளைத் தருகிறது. போர்ட் பிளேயரில் தொலைபேசி செயலிழந்தபோது, அங்கிருந்த பாரதி பிரசாத் அமெச்சூர் வானொலிவழி இந்தியப் பெருநிலத்திற்குச் செய்தி அனுப்பினார். புதுச்சேரியை அடுத்த நல்லவாட்டில், சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த எச்சரிக்கை ஊர் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. மக்கள் உயிர் தப்பினர்.

2022இல் உருவான திருப்பதி மாவட்டத்துள் அடங்கிய சிறீஹரிகோட்டாவிலிருந்து 2016இல் இன்சாட் 3டிஆர், 2024இல் இன்சாட் 3டிஎஸ் ஆகியன ஏவப்பட்டன. இவை வானிலையை நோக்குவதோடு, இடர்ப்பட்டோரின் கருவி எழுப்பும் அபயக் குறிப்பையும் மீட்போர்க்குக் கடத்த வல்லன. மேலிருந்து கீழ்நோக்கிச் சென்ற எச்சரிக்கைக்கு எதிர்த்திசையில், இடர்ப்பட்டோரின் குரலும் இன்று பயணிக்கிறது.

ஆயினும் விண்ணிலிருந்து வரும் செய்தியை ஊருக்குள் உரைக்க ஒரு குரல் வேண்டும். நல்லவாட்டில் ஒலிபெருக்கி செய்தது பழைய பறையின் பணியே. இவ்விறுதிக் கண்ணி அறுபடின் முன்னுள்ள கருவிகள் அனைத்தும் பயனற்றுப் போகும் என்பதே 1977 தரும் பாடமாகும்.