கழுவப்படாத சுருள்கள்

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பார்சன்ஸ் என்றொரு சிற்றூர் உண்டு. 2010ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களின் கடைசி நாட்களில் அவ்வூருக்குப் பல நாடுகளிலிருந்தும் தபால் பொதிகள் வந்து குவிந்தன. சிலர் நெடுந்தொலைவு கார் ஓட்டித் தாமே வந்து சேர்ந்தனர். இரயில்வே தொழிலாளர் ஒருவர் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட படச்சுருள்களை அங்கே கழுவக் கொடுத்திருந்தார். பெரும்பாலானவை இரயில் வண்டிகளின் படங்கள்! டிசம்பர் 30ஆம் நாளுக்குப் பின் வரும் சுருள்களை ஏற்பதற்கில்லை என்று அவ்வூரின் டுவெய்ன்ஸ் நிழற்பட நிலையம் அறிவித்திருந்ததே இத்தனை பரபரப்புக்கும் காரணம். கோடாக்ரோம் என்னும் வண்ணப் படச்சுருளைக் கழுவ, அன்றைய உலகில் எஞ்சியிருந்தது அந்த ஒரு நிலையந்தான்.

ஒரு பண்டம் சந்தையிலிருந்து மறைவது புதிதன்று. நம் பாட்டிமார் புழங்கிய பாத்திரங்களில் எத்தனை இன்று விலைக்குக் கிடைக்கின்றன? ஆனால் ஒருவர் எடுத்த படம் அவர் கையிலேயே சுருளாக இருந்தும், இன்ன தேதிக்குப் பின் அதை உள்ளபடி எவரும் காண இயலாது என்றாவது புதிதல்லவா? இதில் இன்னொரு வியப்பும் உண்டு. கோடாக்ரோமுக்கு ஏறத்தாழ நூறாண்டு மூத்தது கறுப்பு வெள்ளைப் படக்கலை. அந்த மூத்ததை இன்றும் வீட்டுக் குளியலறையை இருட்டாக்கிக்கொண்டு கழுவிவிடலாம். இளையது மாண்டு மூத்தது பிழைத்தது எவ்வாறு?

‘பிலிம் கழுவக் கொடுத்திருக்கிறேன்’ என்பது நம் ஊர்களின் பேச்சு வழக்கு. பொருத்தமான சொல்தான். ஜெலட்டின் பசையில் கலந்து பூசப்பட்ட வெள்ளி உப்பின்மேல் ஒளி படும்போது கண்ணுக்குப் புலப்படாத ஒரு சுவடு பதிகிறது. உருத்துலக்கும் திரவத்தில் இட்டால் அச்சுவடு கரிய வெள்ளியாக மாறித் தெரியும். ஒளி படாத உப்பை அப்படியே விட்டுவிட்டால், வெளியே கொண்டுவந்ததும் அதுவும் கறுத்துப் படம் பாழாகும். அதைக் கரைத்து நீக்கும் பொருளே, ஸ்டுடியோக்காரர்கள் எல்லாரும் அறிந்த ஹைப்போ. அது வெள்ளி உப்பைக் கரைக்கும் என்பதை ஆங்கில விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1819லேயே கண்டறிந்திருந்தார். 1839இல் நிழற்படக்கலை அறிவிக்கப்பட்டபோது, படத்தை நிலைநிறுத்த வழியின்றித் தவித்தவர்களுக்கு அவர் அதை எடுத்துச் சொன்னார். ஒளித்து வைக்கவில்லை. அன்று முதல் இன்று வரை, நூற்றெண்பது ஆண்டுகளுக்கும் மேலாக, இருட்டறையில் ஹைப்போவின் ஆட்சி நடக்கிறது.

உருத்துலக்கும் திரவத்தின் கதையும் இத்தகையதே. கோடக் நிறுவனம் 1927இல் வெளியிட்ட டி-76 என்னும் கலவை நான்கே சரக்குகள் கொண்டது. ஒரு லிட்டர் நீருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெண்காரம் 2 கிராம், அவ்வளவே. தராசும் பொறுமையும் உள்ளவர் எவரும் கலந்துகொள்ளலாம். ஜெர்மனியின் அக்ஃபா நிறுவனம் 1891 முதல் விற்ற ரோடினால் அதனினும் மூத்தது. அந்தச் செய்முறையின் காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. ஆகவே 2005இல் அக்ஃபாஃபோட்டோ நொடித்து விழுந்தபோதும் ரோடினால் விழவில்லை. வேறு பெயர்களில் வேறு தயாரிப்பாளர்கள் அதை விற்று வருகிறார்கள்.

இனிக் கோடாக்ரோமைப் பார்ப்போம். அதைக் கண்டவர்கள் தொழில்முறை விஞ்ஞானிகள் அல்லர். லியோபோல்டு மேனஸ், லியோபோல்டு கொடாவ்ஸ்கி என்னும் இரு இசைவாணர்கள். ஒருவர் பியானோ, மற்றவர் வயலின். கடிகாரமும் பார்க்க முடியாத இருட்டில், ஒரு சிம்பொனியின் பகுதியைச் சீட்டியடித்தே நேரத்தைக் கணக்கிட்டனர் என்பர். 1935இல் கோடக் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் நிறங்கள் இருளில் பாதுகாத்து வைத்தால் பல்லாண்டுகள் வெளிறாதவை. பெஷாவர் அருகே அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி 1984இல் எடுத்த, பச்சைக் கண்களையுடைய ஆப்கன் சிறுமியின் படம் அச்சுருளில் பதிந்ததுதான். அடுத்த ஆண்டு நேஷனல் ஜியாகிரஃபிக் இதழின் அட்டையில் அதைக் கண்டவர்கள் அந்தப் பார்வையை மறந்திருக்கமாட்டார்கள்.

அத்தகைய சுருளில் உண்மையில் வண்ணமே கிடையாது! மற்ற வண்ணச் சுருள்களில் நிறம் தரும் சேர்மங்கள் சுருளுக்குள்ளேயே அடங்கியிருக்கும். கோடாக்ரோமிலோ அவற்றைக் கழுவும்போதுதான் ஊட்டவேண்டும். சிவப்பு ஒளி, நீல ஒளி என்று மாற்றி மாற்றிக் காட்டி, மூன்று நிறங்களுக்கும் மூன்று தனித்தனித் திரவங்களில் முக்கி எடுக்கவேண்டும். அதற்குப் பெரிய இயந்திரமும், இடைவிடாமல் சோதித்துச் சரிசெய்யும் இரசாயன அறிஞரும் வேண்டும். செய்முறை முழு இரகசியமென்று சொல்வதற்கில்லை. காப்புரிமைப் பத்திரங்களில் அது பதிவாகியிருக்கிறது. ஆனால் அந்தச் சேர்மங்களைத் தயாரித்துத் தந்தது கோடக் மட்டுமே. மருந்துமுறை ஏட்டில் இருந்தென்ன? மூலிகை ஒருவர் தோட்டத்தில் மட்டும் விளையுமானால், அவர் வேலியை அடைத்த அன்றே வைத்தியமும் நின்றுவிடுமன்றோ!

தொடக்கத்தில் சுருளின் விலையோடு கழுவும் கூலியையும் சேர்த்தே கோடக் வாங்கிவந்தது. ஏகபோகத் தடைச் சட்டத்தின்கீழ் 1954இல் ஏற்பட்ட நீதிமன்ற உடன்பாடு அதை முறித்து, பிறரும் கழுவ வழிவிட்டது. பார்சன்ஸ் ஊர் நிலையம் போன்றவை கோடாக்ரோமைக் கழுவ முடிந்தது அதனால்தான். எனினும் திரவங்களுக்குக் கோடக்கையே நம்பியிருக்க வேண்டியிருந்தது. 2009 ஜூன் 22 அன்று கோடக் சுருள் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. திரவம் தீரும் வரைதான் மீதி ஆயுள்.

கோடாக்ரோமின் மறைவு தனி நிகழ்ச்சியன்று. மின்னணுக் காமிராவின் வரவால் சில ஆண்டுகளுக்கு முன்னரே தூண்கள் சாயத் தொடங்கிவிட்டன. 2004 ஆகஸ்டில் இங்கிலாந்தின் இல்ஃபோர்டு கடனில் மூழ்கியது. 2005 மே மாதம் அக்ஃபாஃபோட்டோ. அடுத்த மாதமே, கறுப்பு வெள்ளை அச்சுத்தாள் உற்பத்தியை நிறுத்தப்போவதாகக் கோடக் அறிவித்தது. 2007இல் ரோச்செஸ்டர் நகரில் அந்நிறுவனத்தின் தொழிற்கூடக் கட்டடங்கள் சில வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. 2012 ஜனவரியில் கோடக்கே திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் ஏறியது.

வாங்குவோர் எவருமே இல்லாததால் இவை நின்றன என்று எண்ணுவது பிழை. வாங்குவோர் இருந்தனர்; ஆனால் அந்த இயந்திரங்களுக்குப் போதுமான அளவில் இல்லை. வெள்ளி உப்புப் பசையை மைல் கணக்கான நீளத்துக்கு இருட்டில் பூசிச் செல்லும் ஆலையைப் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் ஓட்டிப் பத்தில் ஒரு பங்கு செலவில் முடிக்க இயலாது. ஜெலட்டின் ஒன்றை மட்டும் பாருங்கள். மாட்டெலும்பிலிருந்து எடுக்கப்படும் இப்பசை சில சமயம் நன்றாக வேலை செய்யும். சில சமயம் செய்யாது. காரணம் தெரியாமல் பல ஆண்டுகள் திகைத்தனர். மாடுகள் மேய்ந்த கடுகு போன்ற செடிகளிலிருந்து வந்த கந்தகச் சேர்மத்தின் மிக நுண்ணிய அளவே வெள்ளி உப்புக்குக் கூர்மை தருகிறது என்பதை 1925 வாக்கில் கோடக்கின் சாமுவேல் ஷெப்பர்டு கண்டறிந்தார். ஜெலட்டினைப் பிறரிடம் நம்ப முடியாதென்று கோடக் தனக்கென ஓர் ஆலையையே வைத்திருந்தது. 2011இல் அதையும் விற்றுவிட்டது.

கோடக் அளவுக்குப் பெருக்காதவை பிழைத்தன. இல்ஃபோர்டின் மேலாளர்கள் அறுவர் 2005இல் அதன் கறுப்பு வெள்ளைத் தொழிலை வாங்கி, நிறுவனரான ஹார்மன் பெயரிலேயே நடத்தத் தொடங்கினர். செக் நாட்டின் ஃபோமாவும் நிலைத்தது. உடனடிப் படமான போலராய்டின் கதை வேறு. 2008இல் உற்பத்தி நின்றதும், நெதர்லாந்தின் என்ஸ்கெடே ஆலை இயந்திரங்களைச் சிலர் வாங்கிக் காப்பாற்றினர். ஆனால் வேண்டிய இரசாயனங்களில் பல உலகில் எங்குமே தயாராகவில்லை. எல்லாவற்றையும் புதிதாக வகுத்து 2010இல் அவர்கள் தந்த முதற்படங்கள், வெளிச்சம் பட்டால் கெடும் நிலையிலேதான் இருந்தன.

நம் பக்கத்திலும் ஒன்று உண்டு. நீலகிரியின் குளிர்ந்த, தூசற்ற காற்றை எண்ணி, மத்திய அரசு 1960இல் உதகையில் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸை நிறுவியது. 1967இல் உற்பத்தி தொடங்கிற்று. ‘இந்து’ என்பது அதன் வணிகப் பெயர். சமயத்தைக் குறிப்பதன்று, வடமொழியில் திங்களுக்குரிய பெயர். ஹஜ்ஜுக்கோ சிங்கப்பூருக்கோ புறப்பட்டவர்களின் பாஸ்போர்ட் படங்களில் எத்தனையோ இந்து தாளில் அச்சாகியிருக்கும். மருத்துவமனைகளின் எக்ஸ்ரே படங்களும் அவ்வாறே. தாராள இறக்குமதியும் கடனும் 1990களில் அதை நலிவித்தன. மின்னணு எக்ஸ்ரே வந்தபின் மீள வழியில்லாமற் போயிற்று. உதகையில் இந்து நகர் என்ற ஊர்ப் பெயர் இருக்கிறது, படச்சுருள் இல்லை. அந்த ஆலையில் இருட்டிலேயே கைப்பழக்கத்தால் வேலை செய்து ஓய்வு பெற்றவர்களின் அனுபவத்தை எவரேனும் கேட்டு எழுதி வைத்தால் நன்று.

மறுபடியும் பார்சன்ஸ். தயாரான கடைசிச் சுருள்களில் ஒன்றைக் கோடக் மெக்கரியிடமே தந்தது. முப்பத்தாறு படங்கள். இந்தியாவிலும் சிலவற்றை எடுத்தபின், அவர் அதைப் பார்சன்ஸுக்கே நேரில் கொண்டுபோய்க் கழுவினார். அவருக்கு அந்த வசதி கிட்டியது. உலகின் எத்தனையோ வீடுகளில், மேசை இழுப்பறையிலும் இறந்தவர் பெட்டியிலும், கழுவப்படாத கோடாக்ரோம் சுருள்கள் இன்னும் கிடைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றைக் காண ஒரு வழி உண்டு. பழைய கறுப்பு வெள்ளைத் திரவத்தில் இட்டு, ஹைப்போவில் நிலைநிறுத்தினால் உருவம் வரும். திருமணமோ குழந்தையோ கடற்கரையோ, இன்னதென்று அறியலாம். புடவையின் நிறம் மட்டும் தெரியாது.