முறிவு நெறிவு வைத்தியர் அங்கீகாரம்: புத்தளம் கரையோரம்

இலங்கையின் புத்தளம் மாவட்டக் கரையோரத்தில், வென்னப்புவ, மாரவில தொடங்கி சிலாபம், உடப்பு, முந்தல் ஊடாகக் கற்பிட்டி வரை, எலும்பு முறிவையும் மூட்டு விலகலையும் கையால் பார்த்துக் கட்டுகிற பாரம்பரிய வைத்தியர்கள் முறிவு நெறிவு வைத்தியர் எனப்படுவர். சிங்களத்தில் இத்துறைக்குக் ‘கடும் பிந்தும்’ என்று பெயர். தமிழரும் முஸ்லிம்களும் பேச்சில் பரிகாரியார் என்பார்கள். மேலைநாடுகளில் எலும்பையும் மூட்டையும் கையால் சீர்செய்யும் ஒஸ்டியோபதி முறையினரைச் சுற்றி எழுந்த அங்கீகாரப் பிரச்சினை, இலங்கையில் இவர்களைச் சுற்றியே எழுந்தது.

இத்தொழில் இங்கு நிலைத்ததற்கு ஊரின் உழைப்பே காரணம். மாவட்டத்தின் தென்பகுதி தென்னை முக்கோணத்தைச் சேர்ந்தது. தேங்காய் பறிப்போரும் கள் இறக்குவோரும் மரத்திலிருந்து விழுவது அங்கே புதினமல்ல. வடக்கே உடப்பிலும் கற்பிட்டியிலும் கரைவலை இழுப்போருக்குத் தோளும் இடுப்பும் பிசகும். வள்ளம் தள்ளும்போது விரல் நசியும். மீன்பாடு உள்ள நாளில் இப்படி அடிபட்டவர் வைத்தியசாலை வரிசையை நினைத்துப் பார்ப்பதுகூட இல்லை.

வைத்தியர் முதலில் வீக்கத்தைச் சுற்றி எண்ணெய் தடவி, பெருவிரலால் எலும்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே போவார். முறிந்த இடத்தில் விரல் நின்றுவிடும். ஒருவர் மேலே பிடித்துக்கொள்ள, மற்றவர் கீழே இழுக்க, முனைகளைப் பொருத்தி, அரைத்த மூலிகையைப் பத்தாகப் போட்டு, மூங்கில் சிம்பு வைத்துச் சீலையால் சுற்றுவார். சில நாளில் கட்டை அவிழ்த்துப் பார்த்து மறுபடி கட்டுவார். வரண்ட வலயத்து வேலிகளில் படரும் பிரண்டை, எலும்பு பொருத்தும் மூலிகையாகத் தென்னாசியா முழுவதும் பெயர்பெற்றது. கூலி பேசுவது முன்பு வழக்கமில்லை. வெற்றிலையோடு வைத்துக் கொடுப்பதை வாங்கிக்கொள்வார்கள்.

அரசின் அங்கீகாரம் படிப்படியாக வந்தது. 1929இல் கொழும்பில் சுதேச வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டது. 1941இல் சுதேச வைத்தியக் கட்டளைச் சட்டம் ஒரு சபையை அமைத்தது. இன்றும் அடிப்படையாக இருப்பது 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம். சித்தம், யுனானி, தேசிய சிகிச்சை ஆகிய மூன்றையும் ஆயுர்வேதம் என்ற ஒரே சொல்லுக்குள் அது அடக்கியது. தமிழ்ச் சித்த மரபினரும் புத்தளத்து யுனானி மரபினரும் சிங்களக் கிராமத்து வைத்தியரான வெத மாத்தயாவும் ஒரே சபையிடம் விண்ணப்பிப்பது இதனால்தான். பட்டம் பெறாத பரம்பரை வைத்தியரும் தம் சிறப்புத் துறையில், அது முறிவு நெறிவாகவோ விஷக்கடியாகவோ கண் வைத்தியமாகவோ இருக்கலாம், பதிவு பெற வழி உண்டு. குருவிடம் கற்றதற்கான சான்றும் நேர்முகப் பரீட்சையும் இதற்கு முக்கியம்.

மேலைநாட்டில் வழி வேறாகப் பிரிந்தது. அமெரிக்கரான அன்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1874இல் ஒஸ்டியோபதியை அறிவித்தார். 1892இல் மிசூரி மாநிலத்தின் கேர்க்ஸ்வில்லில் முதற் கல்லூரியைத் தொடங்கினார். 1896இல் வெர்மொன்ட் மாநிலம் சட்ட அனுமதி அளித்தது. முழு மருத்துவ உரிமை எல்லா மாநிலங்களுக்கும் பரவ 1973 வரை பிடித்தது. 1962இல் கலிபோர்னியாவில் 65 டொலர் கட்டி ஒஸ்டியோபதிப் பட்டத்தை எம்.டி. பட்டமாக மாற்றிக்கொள்ள விட்டார்கள். அங்கீகாரம் என்ற பெயரில் ஒரு மரபையே விழுங்கப் பார்த்த கதை அது. இன்று அமெரிக்க ஒஸ்டியோபதி மருத்துவர் சத்திரசிகிச்சையும் செய்யலாம். பிரித்தானியாவிலோ 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒஸ்டியோபதியாளர் தனித் தொழிலினர், மருத்துவர் அல்லர்.

புத்தளத்து வைத்தியருக்கு உண்மையில் நெருங்கிய உறவினர் ஆங்கிலேய எலும்பு கட்டுநரே. அவர்களுள் பேர்பெற்ற ஹேர்பேர்ட் பார்க்கருக்கு 1922இல் சேர் பட்டம் கிடைத்தது. அவருடைய நோயாளிகளுக்கு மயக்கமருந்து கொடுத்த மருத்துவர் அக்ஸாம், அதற்காகவே 1911இல் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டார். 1926இல் இறக்கும்வரை மீளச் சேர்க்கப்படவில்லை. படிக்காதவருக்கு அரசமரியாதை, படித்தவருக்குத் தண்டனை.

இலங்கை ஏற்பாட்டின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. பதிவு ஆளுக்குரியது, கலைக்குரியதல்ல. தகப்பனின் சான்றிதழ் மகனுக்கு உரிமையாகாது. எண்ணெயின் செய்முறை குடும்பத்துக்குள்ளேயே இருப்பதால் அதைச் சோதிப்பதும் கடினம். இறுகக் கட்டிய கட்டு இரத்த ஓட்டத்தை நிறுத்திக் கையையோ காலையோ அழுகவைக்கக்கூடும் என்பது எலும்பியல் மருத்துவர்களின் பழைய முறைப்பாடு, அது நியாயமானதும்கூட. தோலைக் கிழித்துக்கொண்டு எலும்பு வெளிவந்த முறிவு, குழந்தையின் முழங்கை முறிவு, கட்டிய பின் விரல் நீலமாதல் அல்லது விறைத்தல் ஆகியவை உடனே வைத்தியசாலைக்கு அனுப்பப்பட வேண்டியவை.

நடைமுறையில் இரு துறைக்கும் இடையே சுவர் அவ்வளவு உயரமில்லை. வைத்தியசாலையில் எக்ஸ்ரே எடுத்து, அந்தப் படத்தோடு பரிகாரியாரிடம் போவோரும் உண்டு. பிளாஸ்டர் வெட்டிய பிறகு மூட்டு மடங்கவில்லை என்று எண்ணெய் போடப் போவோரும் உண்டு. படத்தைச் சாளரத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ‘இது என் கைக்கு அடங்காது, திரும்பக் கொண்டுபோங்கோ’ என்று சொல்லும் வைத்தியரையே ஊர் கூடுதலாக நம்புகிறது.